சின்னப் புள்ளைக்கு முதல் கேலிகிராபி பேனா: எத வாங்கலாம், எத இப்போதைக்கு விட்டுடலாம்

ஸ்கூல் லீவு நெருங்குச்சுன்னா போதும், மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்டுல யாராவது ஒரு அம்மா இல்லன்னா அப்பா போன்ல ஒரு படத்த அனுப்பி "இந்த செட்டு வாங்கலாமா"ன்னு கேப்பாங்க, தொறந்து பார்த்தா பன்னெண்டு கலர், ஆறு நிப்பு, ஒரு மைப்புட்டி, எல்லாம் தங்கக் கலர் டப்பாவுல அடுக்கி வச்சிருக்கும். நான் சொல்ற பதில் மாறவே மாறாது. செட்டு வேணாம், ஒரே ஒரு பேனா வாங்குங்க, பட்டை முனை உள்ளதா, அதாவது முனை கூரா இல்லாம உளி மாதிரி அகலமா வெட்டுனதா, 2 இல்லன்னா 3 மில்லிமீட்டர்ல, மிச்சக் காசுக்கு நல்ல பேப்பர் வாங்குங்க.

ஏன் பட்டை முனைன்னு கேட்டா, புள்ளைங்களுக்கு மொத பேனா அவங்க பண்ற தப்ப அவங்களுக்கே காட்டணும். மெல்லிசு முனை பேனாவுல கை எப்படிக் கோணினாலும் கோடு ஒரே மாதிரிதான் விழும், எங்க தப்பு போச்சுன்னே தெரியாது, பக்கத்துல நாம உக்காந்து சொல்லிக்கிட்டே இருக்கணும், அதுவும் ஒரு அளவுக்கு மேல சொன்னா பேனாவ வச்சிட்டு விளையாடப் போயிடும். பட்டை முனையில கை கொஞ்சம் திரும்புனாலே தடிச்சுப் போக வேண்டிய கோடு மெலிஞ்சு போயிடும், புள்ளை தானே நிமிர்ந்து பார்க்கும். சனிக்கிழமை கோயில் மண்டபத்துல உக்காந்து எழுதுற பசங்கள்ல ஒருத்தன் வந்து "மாமா, இது ஏன் இங்க மட்டும் ஒல்லியா போகுது"ன்னு கேட்டான், "நீ பேனாவ உருட்டிட்டடா, பாரு"ன்னு சொன்னதோட சரி, அடுத்த வரியில அவனே கைய சரி பண்ணிக்கிட்டான். நீங்க எந்தக் கடைக்குப் போனாலும், எந்தப் பேனாவப் பார்த்தாலும், இந்த ஒரு விஷயத்த வச்சு அளந்து பாருங்க, இது புள்ளைக்குத் தப்பக் காட்டுமா காட்டாதா.

மொதல்ல காசே செலவு பண்ணாதீங்க

ஆமா, பேனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ரெண்டு பென்சில எடுத்து, ரெண்டு கூரும் ஒரே மட்டத்துல வர்ற மாதிரி மேசையில தட்டி நிறுத்தி, மேலயும் கீழயும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்குங்க. இப்ப உங்க கையில ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு பட்டைப் பேனா இருக்கு. ரெண்டு கூரும் ஒரே நேரத்துல பேப்பரத் தொடணும், அப்படித் தொட்டு இழுத்தா ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல போகும், கீழ இழுத்தா கோட்டுக்கு நடுவுல இடம் அகலமா, சாய்வா மேல போனா ரெண்டு கோடும் கிட்டக் கிட்ட வந்து ஒன்னா சேரும், அதுதான் கேலிகிராபியில தடிப்பும் மெலிசும். ஏழு எட்டு வயசுப் புள்ளைங்களுக்கு இதுலயே ரொம்ப நாள் ஓட்டலாம், பெரிய பெரிய எழுத்தா பழைய காலண்டர் தாள் பின்பக்கம் எழுதட்டும்.

இதுல ஒரு சோதனையும் இருக்கு. பென்சிலக் கட்டிக் குடுத்த பிறகு புள்ளை தானா தேடி வந்து எழுதுதான்னு பாருங்க. எழுதுச்சுன்னா பேனா வாங்குங்க. ரெண்டு நாள்ல பென்சில அவுத்து வீட்டுப்பாடத்துக்குக் கொண்டு போயிடுச்சுன்னா உங்க காசு மிச்சம்னு நெனச்சுக்கிட்டு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், இதுல கோவப்பட ஒன்னும் இல்ல.

பேனாவுல என்னென்ன வகை

கடையில கேலிகிராபின்னு எழுதியிருக்குற எல்லாமே ஒரே சாமான் இல்ல, இங்கதான் பாதிப் பேர் கொழம்புறாங்க.

பட்டை முனை மார்க்கர்: முனை நேரா வெட்டுன நார், அல்லது பஞ்சு மாதிரி கெட்டியா இருக்கும், மை உள்ளயே இருக்கு, மூடியத் தொறந்தா எழுத வேண்டியதுதான். ஆர்ட்லைன்ல இது 1, 2, 3, 4, 5 மில்லிமீட்டர்னு தனித்தனியா வருது. ஜிக் பேனாவுல ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 5, ரெண்டு முனையும் ஒரே பேனாவுல. ஜிக் பண்றது ஜப்பான்ல நாரா ஊர்ல இருக்குற குரேத்தாக்கே கம்பெனி, 1902ல மைக்கட்டி செஞ்சு ஆரம்பிச்சவங்க. முதல் பேனாவா நான் சொல்றது இந்த வகையத்தான்.

பிரஷ் பேனா: முனை வளையும், அழுத்துனா தடிப்பு, லேசா விட்டா மெலிசு. வீடியோவுல பார்த்து புள்ளைங்க ஆசப்படுறது முக்காவாசி இதுக்குத்தான், டொம்போ, பென்டெல்லு எல்லாம் நல்ல பேனாதான், ஆனா தடிப்பு மெலிசு முழுக்க விரல் அழுத்தத்துல வருது, நம்ம புள்ளைங்க பென்சில உடைக்கிற அளவுக்கு அழுத்தி எழுதிப் பழகுனவங்க, பத்துப் பக்கம் முடியிறதுக்குள்ள முனை பிரிஞ்சு தொடப்பக்கட்ட மாதிரி ஆயிடும். பதிமூனு பதினாலு வயசு ஆகட்டும், இல்ல கண்டிப்பா வேணும்னு அடம்பிடிச்சா பெரிய முனை வேணாம், சின்னதா கொஞ்சம் விறைப்பா இருக்குற முனைய வாங்குங்க. டொம்போ ஃபுடெனோசுகேன்னு ஒன்னு இருக்கு, அதுல ஹார்டு, சாஃப்ட்னு ரெண்டு உண்டு, ஹார்டு எடுங்க. பென்டெல்ல டச் பேனான்னு கேளுங்க, வெறும் சைன் பேனான்னு கேட்டா வளையாத சாதா நார் முனைய எடுத்துக் குடுத்துடுவாங்க, பேரு ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான்.

இரும்பு முனை பேனா: இதுல மை ஊத்துற பேனா உண்டு, மையில தொட்டுத் தொட்டு எழுதுறதும் உண்டு. அது பின்னாடி வரட்டும்.

2 மில்லியா 3 மில்லியா

எழுத்தோட உயரம் முனை அகலத்த வச்சுத்தான் வரும், இது தெரியாமத்தான் நெறைய பேரு 5 மில்லி பேனாவ வாங்கிட்டு சின்ன எழுத்தா எழுதி எல்லாம் அடைச்சுப்போய் மைத்திட்டாக் கெடக்குன்னு சொல்றாங்க. இங்கிலீஷ் சின்ன எழுத்துக்கு இத்தாலிக்னு சொல்ற சாய்வு எழுத்து முறையில முனை அகலத்துக்கு 5 மடங்கு உயரம், ஃபவுண்டேஷனல்னு சொல்ற வட்ட எழுத்துக்கு 4 மடங்கு. ஃபவுண்டேஷனல உருவாக்குனது எட்வர்ட் ஜான்ஸ்டன், 10ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஏடு ஒன்னப் பார்த்துப் பழகி எடுத்தாரு, லண்டன் பாதாள ரயில் எழுத்த வரைஞ்சவரும் அவருதான். சின்னப் புள்ளைக்கு ஃபவுண்டேஷனல்தான் சுலபம், o எழுதத் தெரிஞ்சா பாதி எழுத்து தெரிஞ்ச மாதிரி.

2 மில்லி பேனாவுக்கு இன்னொரு சௌகரியம் இருக்கு, அதுனாலதான் நான் 2 சொல்றது. இடைநிலைப்பள்ளி புள்ளைங்க கணக்குக்கு வச்சிருக்குற கிராப் பேப்பர் இருக்கே, அதுல சின்னக் கட்டம் 2 மில்லி. அப்படின்னா ஒரு கட்டம் ஒரு முனை அகலம், அஞ்சு கட்டம் எண்ணுனா இத்தாலிக் உயரம், நாலு கட்டம் எண்ணுனா ஃபவுண்டேஷனல் உயரம், ஸ்கேலு வேணாம், கணக்கும் வேணாம். வீட்டுல அண்ணன் அக்கா எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி கடைசிப் பரீட்சை) எழுதுறவங்களா இருந்தா அவங்க கிராப் புத்தகத்துலருந்து ஒரு தாள் கெஞ்சி வாங்கி, மேல டிரேசிங் பேப்பர் வச்சு கிளிப் போட்டுட்டா அந்த ஒரு தாளே பல மாசத்துக்கு ஓடும். கிராப் பேப்பர் மேலேயே நேரா எழுதாதீங்க, கோடுங்க கண்ண உறுத்தும், எழுத்து தெரியாது.

3 மில்லி எப்பன்னா, புள்ளைக்குக் கை பெருசா ஓடுது, இல்ல கண்ணாடி போட்டிருக்கு, இல்ல தமிழ்தான் எழுதப் போகுதுன்னா. தமிழுக்கு ஏன்னு கீழ சொல்றேன். 1 மில்லி வேணவே வேணாம், அது தப்பக் காட்டாது. 5 மில்லி போஸ்டர் எழுத நல்லது, தாள் சட்டுன்னு தீந்துடும், ஏ4 தாள் அகலமே 210 மில்லிதான், அதுல அந்த முனையில ஒரு பேரு எழுதுனாலே இடம் முடிஞ்சிடும்.

கடையில என்ன கேக்கணும், எப்படிப் பார்க்கணும்

நம்ம டவுன்ல அலாட் துலிஸ் (பேனா, பேப்பர் விக்கிற) கடையில போயி கேலிகிராபி பேனான்னு கேட்டா தவுக்கே, அதான் கடை முதலாளி, ஒரு மாதிரி பார்ப்பாரு. "பென் காத் அடா கா"ன்னு, அதாவது காத் (அழகெழுத்து) பேனா இருக்கான்னு மலாய்ல கேளுங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ளருந்தோ மார்க்கர் அடுக்கு பின்னாடிருந்தோ எடுத்து வைப்பாரு. ஜாவிக்கு, அதாவது அரபு எழுத்துல மலாய் எழுதறதுக்கு வாங்குறவங்க இருக்குறதால சின்னக் கடையிலயும் இந்த மார்க்கர் கெடைக்குது, பத்து வெள்ளிக்குள்ளதான் வரும். ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்குங்க. ஜாவி வலமிருந்து இடம் எழுதுறது, அதுக்குன்னே முனைய சாய்வா வெட்டுன பேனாவும் இருக்கு, நமக்கு அது வேணாம், முனை பேனாத் தண்டுக்கு நேர்குறுக்கா வெட்டியிருக்கணும். மூடியக் கழட்டி கண்ணுக்கு நேரா புடிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

அப்புறம் கடையிலயே எழுதிப் பாருங்க, வெக்கப்படாதீங்க, தவுக்கே ஒரு துண்டுத் தாள் வச்சிருப்பாரு. படுக்கையா ஒரு கோடு, நேரா ஒரு கோடு, சாய்வா ஒரு கோடு. கோட்டோட ரெண்டு ஓரமும் கத்தில வெட்டுன மாதிரி சுத்தமா இருக்கணும். ஒரு ஓரம் மட்டும் மங்கலா வந்தா முனை தேஞ்சிருக்கு, இல்ல பேனா ரொம்ப நாளா அலமாரியில நின்னபடியே காஞ்சிருக்கு, வேற எடுக்கச் சொல்லுங்க. மூடி மாட்டுனா டக்குன்னு சத்தம் வரணும், சத்தம் வராத மூடி நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது. மோந்து பாருங்க, தின்னர் வாடை அடிச்சா அது பெர்மனன்ட் மார்க்கர், சின்னப் புள்ளைக்கு வேணாம், தாளுக்கு அந்தப் பக்கமும் ஊறிடும். நச்சு இல்லன்னு காட்டுற ஏபி முத்திரை சில பேனாவுல வட்டமா அச்சடிச்சிருக்கும், இருந்தா நல்லது.

டவுன்ல கெடைக்கலன்னா ஈப்போவுக்குப் போற அன்னைக்கு பாப்புலர் புத்தகக் கடையில பாருங்க, அங்க அளவு எல்லாம் இருக்கும், எழுதிப் பார்க்கவும் விடுவாங்க. ஆன்லைன்ல ஷாப்பி லசாடாவுல வாங்குனா பத்துப் பதினஞ்சு வெள்ளிக்கு இருவது பேனான்னு வர்றத தொடாதீங்க, ஒரு தெரிஞ்ச குடும்பம் அப்படி வாங்குன செட்டுல பாதி முனை வெட்டே இல்ல, உருண்டையா சாதா மார்க்கர் முனை, டப்பாவுல மட்டும் கேலிகிராபின்னு போட்டிருந்துச்சு. ஆன்லைன்ல பார்க்க வேண்டியது ரெண்டே ரெண்டு, முனையோட கிட்டத்துப் படம் போட்டிருக்காங்களா, மில்லிமீட்டர் அளவு எழுதியிருக்காங்களா. ரெண்டும் இல்லன்னா அடுத்த கடை.

வீட்டுக்கு வந்ததும் ட எழுதுங்க

இங்கிலீஷ்காரங்க ஏ பி சி டி எழுதிப் பழகச் சொல்வாங்க, நான் மொதல்ல ட எழுதச் சொல்வேன், ஏன்னா பேனாவோட கோணத்த அளக்கறதுக்கு அதவிட நல்ல எழுத்து இல்ல. நேரா கீழ ஒரு கோடு, அங்கருந்து வலது பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். பட்டை முனைய 45 டிகிரியில புடிச்சா ரெண்டு கோடும் ஒரே தடிப்பா வரும். 30 டிகிரியில புடிச்சா நிக்கிற கோடு தடிப்பா, படுத்த கோடு மெலிசா வரும். 3 மில்லி பேனாவுல 30 டிகிரின்னா நிக்கிற கோடு 2.6 மில்லி, படுத்தது 1.5 மில்லி, ஸ்கேல் வச்சே அளந்து பார்க்கலாம். கோணமே இல்லாம முனைய படுக்க வச்சுப் புடிச்சா நிக்கிற கோடு முழுத் தடிப்பு, படுத்த கோடு முடி மாதிரி. புள்ளை எழுதுன ட வரிசையப் பார்த்தாலே எந்த எடத்துல கை திரும்புச்சுன்னு அதுக்கே தெரியும்.

கோணம்னா என்னன்னு ஆண்டு 3 புள்ளைக்கு எப்படி சொல்றதுன்னு கேக்குறீங்களா, சொல்லவே வேணாம், மடிச்சுக் காட்டுங்க. சதுரத் தாளோட ஒரு மூலைய எடுத்து, அந்த மூலையிலருந்தே ரெண்டா மடிச்சா 45 டிகிரி. அதே மூலைய மூனு சமபாகமா மடிச்சா ஒரு பாகம் 30 டிகிரி. மடிச்ச கூர் எழுதுற கோட்டு மேல இடது கைப் பக்கம் இருக்கணும், மடிப்பு ஓரம் வலது பக்கம் மேல ஏறிப் போகணும், முனையோட வெட்டு அந்த ஓரத்தோட ஒட்டி நிக்கிற மாதிரி பேனாவ வச்சுப் புடிக்கச் சொல்லுங்க. ஃபவுண்டேஷனலுக்கு 30, இத்தாலிக்குக்கு 45. எழுத ஆரம்பிக்கிறப்ப தினமும் ஒரு தடவ இப்படி வச்சுப் பார்த்துட்டு ஆரம்பிச்சா போதும்.

உயரத்துக்கு இன்னொரு வழி, கிராப் தாள் இல்லாத வீட்டுக்கு. முனைய நேரா நிறுத்தி சின்னச் சின்ன சதுரமா ஒன்னு மேல ஒன்னு அஞ்சு சதுரம் படிக்கட்டு மாதிரி மாத்தி மாத்தி வைங்க, அடிச் சதுரத்தோட அடி முதல் மேல் சதுரத்தோட மேல் வரைக்கும் உள்ள தூரந்தான் இத்தாலிக் எழுத்து உயரம், அத அளந்து பென்சில்ல கோடு போட்டுக்க வேண்டியதுதான். எந்த அளவு முனையா இருந்தாலும் இது வேலை செய்யும்.

தமிழ் எழுதறவங்களுக்கு

இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா பேனா புத்தகங்க எல்லாம் இங்கிலீஷுக்குத்தான் எழுதியிருக்கு, தமிழ்ப்பள்ளிப் புள்ளை தன் பேர தமிழ்ல எழுதத்தான் மொதல்ல ஆசப்படும்.

பட்டை முனை பேனா இழுக்கறதுக்கு செஞ்சது, கீழ இழுக்கலாம், வலது பக்கம் இழுக்கலாம், ஆனா மேல தள்ளுனாலோ இடது பக்கம் தள்ளுனாலோ இரும்பு முனை தாளக் குத்தும், நார் பிரியும், மை தெறிக்கும். தமிழ்ல சுழி, வளைவு, மேல ஏறுற கோடு எல்லாம் அதிகம், ஒரே ஓட்டத்துல கையத் தூக்காம எழுதித்தான் பள்ளியில பழகியிருக்கோம். அதுனாலதான் தமிழுக்கு நார் முனை மார்க்கர் நல்லதுன்னு சொல்றேன், தள்ளுனாலும் ஓரளவுக்குத் தாங்கும், குத்தாது. 3 மில்லின்னு சொன்னதும் இதுக்குத்தான், 2 மில்லியில எழுத்து சின்னதா வர்றப்ப ண, ழ சுழியெல்லாம் உள்ள அடைச்சுக்கும். தமிழுக்கு உயரம் 5 மடங்கு பத்தாது, 6, 7 மடங்கு குடுங்க, சுழிக்கு மூச்சு விட இடம் வேணும்.

எழுதற முறையையும் கொஞ்சம் மாத்தணும். ப எழுதறப்ப இடது காலு மேலருந்து கீழ, அப்புறம் அடிக்கோடு இடமிருந்து வலம், இது வரைக்கும் சரி. வலது காலத்தான் நாம கீழருந்து மேல தள்ளி முடிப்போம். அந்த எடத்துல பேனாவத் தூக்குங்க, மேல போங்க, அங்கருந்து கீழ இழுத்து அடிக்கோட்டோட சேருங்க. பேனாவத் தூக்குனா தப்புன்னு புள்ளை நெனைக்கும், வகுப்பு டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க, கையெழுத்துப் பாடத்துக்கு அது சரிதான், இங்க தூக்கித் தூக்கித்தான் எழுதணும்னு சொல்லிடுங்க. ட, ப, ம, ய இந்த வரிசையில போங்க, பிறகு ர, க, வ. இ, ஞ, ழ, ண எல்லாம் ரொம்பப் பின்னாடி, அவசரம் இல்ல.

எந்தக் கோடு தடிப்பா வரணும், எது மெலிசுன்னு தமிழுக்கு எழுதி வச்ச சட்டம் ஒன்னும் இல்ல. ஓலையில எழுத்தாணியால கீறி வளந்த எழுத்து, அதுல கோடு எல்லாமே ஒரே தடிப்பு. அதுனால 30 டிகிரி புடிச்சு வர்றது அழகா இருக்கா, 45 அழகா இருக்கான்னு புள்ளையையே பார்க்கச் சொல்லுங்க. எனக்கு 30 புடிக்கும், கோயில் அன்னதானப் பலகையில 45ல எழுதியிருக்காரு எங்க ஆளு ஒருத்தரு, அதுவும் நல்லாத்தான் இருக்கு.

பேப்பர்

பேனா சரியில்லன்னு திட்டுற பாதி நேரம் குத்தம் பேப்பர் மேல. ஜெராக்ஸ் கடையில பண்டலா விக்கிற 70 கிராம் தாள்ல (ஒரு சதுர மீட்டர் தாளோட எடைதான் இந்தக் கிராம்) மை ஓரமெல்லாம் வேர் விட்டுப் பரவும், ஓரம் சுத்தமா இல்லன்னா தப்பு தெரியாது, மொதல்ல சொன்னதுதான் திரும்பவும். 80 கிராம்ல கொஞ்சம் வழவழப்பா இருக்குறத வாங்குங்க, 100 கிராம் கெடைச்சா இன்னும் நல்லது. கடையிலயே தாள விரலால தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா வேணாம்.

மழை மாசத்துல இன்னொரு தொல்லை, காத்துல ஈரம் ஏறி தாள் தொய்ஞ்சு போயிடும், நேத்து நல்லா எழுதுன அதே தாள்ல இன்னைக்கு மை பரவும். தோட்டத்துப் பக்கம் செம்பனை ஓரமா வீடு இருக்குறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், அலமாரித் துணியே நமத்துப் போயிருக்கும். தாள ஜிப் பையில போட்டு, புதுச் சப்பாத்து (ஷூ) டப்பாவுல வர்ற அந்த சின்ன சிலிக்கா பொட்டலத்த உள்ள போட்டு மூடி வைங்க.

இடது கை புள்ளைங்க

இடது கைய மாத்தச் சொல்லாதீங்க, தாத்தா பாட்டி சொன்னாலும் கேக்காதீங்க. தாளத் திருப்பினா போதும், வலது பக்கம் மூலை கீழ வர்ற மாதிரி நல்லா சாய்ச்சு வச்சு, கை எழுத்துக்குக் கீழ இருக்குற மாதிரி எழுதட்டும், அப்ப எழுதுனது கைப்பட்டு அழியாது. மார்க்கர்தான் இவங்களுக்கும் நல்லது. பின்னாடி இரும்பு முனைக்குப் போறப்ப இடது கைக்குன்னே சாய்வா வெட்டுன நிப்பு உண்டு, இங்கிலாந்து மேனுஸ்கிரிப்ட் கம்பெனி செட்டுல வருது, அதத் தேடி வாங்குங்க.

மை, சட்டை, மூடி

வெள்ளைச் சட்டையோட எழுத விடாதீங்க, பள்ளிவிட்டு வந்ததும் மாத்திட்டுத்தான் பேனாவத் தொடணும்னு ஒரு சட்டம் போட்டுடுங்க. தண்ணியில கரையிற மை உடனே அலசுனா பெரும்பாலும் போயிடும், பிக்மென்ட் மைன்னு போட்டிருந்தா காஞ்ச பிறகு போகாது. வாழ்த்து அட்டை எழுத பிக்மென்ட் நல்லது, பழகறதுக்கு கரையிற மை நல்லது.

பேனாவப் படுக்க வச்சு வைக்கணும், ரெண்டு முனை உள்ளதுக்கு இது கட்டாயம், நிக்க வச்சா ஒரு முனை காஞ்சிடும். காடியில (கார்ல) விட்டுட்டுப் போகாதீங்க, வெயில்ல நின்ன காடிக்குள்ள மை வீங்கி மூடிக்குள்ள கசிஞ்சு கெடக்கும்.

அடுத்த பேனா எப்ப

ஒரு மார்க்கர் மை தீர்ற வரைக்கும் எழுதுச்சுன்னா புள்ளைக்கு நிஜமாவே புடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்ப பைலட் பேரலல் வாங்கிக் குடுங்க, ஒரு பேனா 30 வெள்ளிக்கு மேலதான் இருக்கும், ஆனா வருஷக்கணக்குல ஓடும். ரெண்டு இரும்புத் தகடு ஒன்னோட ஒன்னு ஒட்டி நடுவுல மை இறங்குது, அதுனால கோட்டோட ஓரம் மார்க்கரவிட கூர்மை. மூடி கலர வச்சு அளவு தெரிஞ்சுக்கலாம், செவப்பு 1.5, ஆரஞ்சு 2.4, பச்சை 3.8, நீலம் 6 மில்லி. முதல் பேரலலுக்கு பச்சை. ஆரஞ்சு எல்லாரும் எடுக்கச் சொல்வாங்க, இங்கிலீஷ் மட்டும்னா சரிதான், தமிழ் எழுதற புள்ளைக்கு பச்சைதான். இதுக்கு பைலட் கார்ட்ரிட்ஜ்தான் (மை அடைச்ச சின்னக் குழாய்) உள்ள போகும், வேற கம்பெனி கார்ட்ரிட்ஜ திணிக்காதீங்க. டப்பாவுல ஒரு மெல்லிசுப் பிளாஸ்டிக் தகடு வரும், அது குப்பை இல்ல, ரெண்டு இரும்புக்கு நடுவுல விட்டுத் துடைக்கறதுக்கு. ரெண்டு கலர் பேனா இருந்தா ஒன்னோட முனைய இன்னொன்னுல கொஞ்ச நேரம் தொட வச்சா கலர் மாறி மாறி இறங்கும், பசங்க இதுக்காகவே அண்ணன் தம்பி பேனாவக் கடன் வாங்குவாங்க. டப்பாவுல ஒரு ரப்பர் குமிழும் இருக்கும், மை மாத்தறதுக்கு முன்னாடி அத வச்சு தண்ணி பீச்சிக் கழுவணும்.

எந்தக் காரணத்துக்கும் இந்தியன் இங்க்னு புட்டியில விக்கிற மைய இதுக்குள்ள ஊத்தாதீங்க, அதுல ஷெல்லாக் அரக்கு இருக்கும், காஞ்சா தகடு ஒட்டிக்கும், பேனா அதோட முடிஞ்சது. அந்த மை தொட்டு எழுதற பேனாவுக்கு. தொட்டு எழுதறது, ஜப்பான் நிக்கோ ஜி நிப்பு, கூர் முனை, அதெல்லாம் அழகுதான், ஆனா புட்டி கவுந்தா தரை மொசைக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க, இடைநிலைப்பள்ளிக்குப் போகட்டும்.

காசில்லாம இரும்பு முனை மாதிரி பழகணும்னா ரெசாம் குச்சி இருக்கு. தோட்டத்து ஓரத்துல, மண் சரிவுல படர்ந்து கெடக்குற செடிதான், அதோட காஞ்ச தண்ட வெட்டித்தான் ஜாவி எழுதறவங்க அந்தக் காலத்துலருந்து கலம்னு சொல்ற குச்சிப் பேனா செஞ்சுக்கிட்டு வர்றாங்க. பெரியவங்க யாராவது கத்தி புடிச்சு வெட்டிக் குடுக்கணும், நமக்கு நேர்குறுக்கா வெட்டணும். ஒரு மையில ரெண்டு மூனு எழுத்துதான் ஓடும், ஆனா புள்ளைங்களுக்கு ஒரே குஷி.

மொத வேலை என்ன குடுக்கலாம்

பயிற்சித் தாளையே ரொம்ப நாள் எழுதிக்கிட்டிருந்தா அலுத்துடும். நம்ம மலேசியாவுல மே 16 ஆசிரியர் தினம் வருதா, ஏப்ரல் பாதியிலயே ஒரு அட்டைய ஆரம்பிச்சுடுங்க. டீச்சர் பேரு மட்டும், ஒரே வரி, 3 மில்லி மார்க்கர். மொதல்ல சாதாத் தாள்ல எழுதி, எழுத்துங்க எவ்வளவு அகலம் போகுதுன்னு அளந்து, நடுவுல வர்ற மாதிரி அட்டையில பென்சில் கோடு லேசாப் போட்டுக்கணும். அட்டை 200 கிராம்ல வழவழப்பா இருந்தா நல்லது, பளபளன்னு மெழுகு பூசுன அட்டையில மை நிக்காது, வழுக்கும். ஒரே அட்டைய மூனு வாங்கி வச்சுக்குங்க, பேருல ஒரு கொம்பு மறந்துபோகும், புள்ளி விட்டுப்போகும், அப்ப அழுகை வராது. பென்சில் கோட்ட அன்னைக்கே அழிக்காதீங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு மை மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள காஞ்சிருக்காது, ரப்பர் போட்டா இழுத்துக்கிட்டு வந்துடும். மறுநாள் காலையில, வெள்ளை ரப்பர்ல, ஒரே பக்கமா.